முகத்தைப் பார்த்துவிட்டு

"உங்களுக்குக் கோவம் வரும்னுதான் மாமா சொல்லல" என்று பூபாலன் சொன்ன இடம், தட்டெறி ஆடுகிற காட்டு மைதானத்தில், மூன்றாவது கூடைக்கும் நான்காவது மேடைக்கும் நடுவில், ஓடையைக் கடக்கப் போட்டிருந்த பலகையின் மேல். சொல்லிவிட்டு அவன் அக்கரைக்குப் போய்விட்டான். அறவாழி பலகையின் பாதியில் நின்றார். கீழே தண்ணீர் அதிகமில்லை. ஓக் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஊறி, டீ வடித்த சக்கை மாதிரிக் கிடந்தன. ஜூன் மாதம். ஜூன் மாதத்தில் அவர் மகன் செழியன் மலைக்குப் போகவில்லை. சிநேகிதர்களோடு மலையேறப் போயிருக்கிறான் என்று அவரிடம் சொல்லப்பட்ட அந்த ஒரு வாரத்துக்கும் மேலான நாட்களில் அவன் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தான், மனசு சரியில்லாமல், தானாகவே போய்ச் சேர்ந்து. இது அவர் மனைவி பூங்கோதைக்குத் தெரியும். அவள் தம்பி இந்தப் பூபாலனுக்குத் தெரியும். பூபாலன் பெண்டாட்டிக்குத் தெரியும். அவர்களுடைய சின்னப் பெண்ணுக்குக்கூட, செழியன் அத்தானுக்கு உடம்பு முடியவில்லை என்கிற அளவுக்குத் தெரியும். இப்போது நவம்பர். வட கரோலைனாவின் இந்தக் காட்டில் இலையெல்லாம் கொட்டி முடிகிறவரைக்கும் தெரியாமல் இருந்தவர் ஒருத்தர்தான். கோவம் வரும் என்றுதான் சொல்லவில்லை. கோவம் வரும் என்றுதான். அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பிடித்தாலும் சுட்டது. கோபப்பட்டால் பார்த்தீர்களா என்பார்கள். கோபப்படாமல் இருந்தால், பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற மனுஷனா என்று அவரே அவரைக் கேட்பார்.

"வாங்க மாமா, நீங்கதான் முதல்ல" என்றான் பூபாலன் மேடையிலிருந்து. முந்தின கூடையில் குறைந்த எறியில் முடித்தவர் அடுத்ததில் முதலில் எறிய வேண்டும் என்பது இந்த விளையாட்டின் மரியாதை. மூன்றாவதில் ஜெயித்தவர் அறவாழி. ஜெயிக்கவிட்டுச் சொல்லியிருக்கிறான் என்று இப்போது பட்டது. பெரிய வித்தையொன்றும் இல்லை இது. கையகலத் தட்டு, பிளாஸ்டிக். சிமெண்ட் மேடையில் நின்று, மரங்களுக்கு நடுவே விட்டிருக்கிற சந்தில் வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். கடைசியில் கம்பத்தில் சங்கிலி தொங்கும் ஒரு கூடையில் அதைப் போட வேண்டும். பதினெட்டுக் கூடை. பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட வேண்டும். நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் மச்சானும் மாமனும் இதைத்தான் செய்கிறார்கள். "தட்டு எறியற நேரத்துல தட்டு கழுவினா புண்ணியம்" என்பாள் பூங்கோதை. அவர் எறிந்தார். தட்டு கையை விட்டதுமே தெரிந்துவிட்டது. முதல் மரத்திலேயே மோதி, டொக் என்று அவருக்கே திரும்பி வருவதுபோல வந்து, பாதியில் விழுந்தது. "பரவால்ல மாமா" என்றான் பூபாலன். பரவாயில்லை. எது பரவாயில்லை? அந்த மலைப் படம் பரவாயில்லையா? பூங்கோதை தன் போனை நீட்டிக் காட்டினாளே, பாறை மேல் உட்கார்ந்து சிரிக்கிற செழியன், பின்னால் நீல நீலமாக அடுக்கு மலை. அது முந்தின வருஷத்துப் படமாம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே வைத்துப் பார்த்து, வெயில் அதிகம், தொப்பி போட்டுக்கச் சொல்லு என்றார். அவள் சரி என்றாள். அந்தச் சரியைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது? அவர் பார்த்தாரா? படத்தைத்தான் பார்த்தார். தம்பி வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று அவள் அந்த வாரம் போய்விட்டாள். பிரீசரில் சாம்பார் டப்பா டப்பாவாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சூடு பண்ணித் தின்றார். ஆபீசில் ஒருத்தனிடம், என் மகன் மலையேறப் போயிருக்கிறான் என்று, கேட்காமலேயே, பெருமையாகச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால்கூடச் சரி. ஐந்தாவது மேடையில் பூபாலன் தட்டைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே மீதியையும் சொன்னான். "அவன் இப்ப எங்க வீட்லதான் இருக்கான். நேத்து வந்தான். மத்தியானம் உங்களோட சாப்பிடணும்னு இருக்கு அவனுக்கு." "வரட்டும். அவன் வீடுதானே." "நான் ஒரு மெசேஜ் போட்டாத்தான் கிளம்புவான். உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு, நீங்க எப்படி எடுத்துக்கறீங்கன்னு..." "என் மூஞ்சியப் பாத்துட்டு." "அப்படி இல்ல மாமா." "வேற எப்படி?" பூபாலன் கூடைப் பக்கம் திரும்பினான். எறிந்தான். தட்டு தாழப் பறந்து, இரண்டு மரங்களுக்கு நடுவில் நூல் கோத்ததுபோலப் போய், கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து கூடைக்குக் கிட்டே உட்கார்ந்தது. "நல்ல எறி" என்றார் அறவாழி. சொன்ன குரல் அவருக்கே வாத்தியார் குரல்போலக் கேட்டது. ஆக, பரீட்சை நடக்கிறது. காலையில் காரை விட்டு இறங்கியதிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. இந்த மச்சான் அவர் முகத்தைப் படித்து மார்க்குப் போட்டு அனுப்புவான், தேறினால் பிள்ளை வருவான். ஐம்பத்து நாலு வயசில், தன் சோற்றைத் தன் பிள்ளையோடு தின்ன, பெண்டாட்டியின் தம்பியிடம் தேற வேண்டும். கோபமில்லாத முகம் எப்படி இருக்கும்? உதட்டை எங்கே வைத்துக்கொள்வது? புருவத்தைத் தளர்த்தினார். உடனே தாடை இறுகியது. தாடையை விட்டார், மூச்சு பலமாக வந்தது. ஓட்டை வாளியில் ஒரு துளையை அடைத்தால் இன்னொன்றில் ஒழுகுகிறது. பிறந்ததிலிருந்தே இந்த முகம்தானே இது, புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு. தூங்கும்போதுகூட இருக்குமாம், பூங்கோதை சொல்லியிருக்கிறாள். அப்போது அது செல்லமாகச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டார்.

என்ன செய்துவிட்டார் அவர்? ஆறாவது கூடையிலும் ஏழாவது கூடையிலும் அதைத்தான் தேடினார், தட்டைத் தேடுவதுபோல, இலைகளைக் காலால் விலக்கி விலக்கி. அடித்ததுண்டா? இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. குடியா? கிடையாது. கெட்ட வார்த்தை? பிள்ளை எதிரில் கிடையாது. ஒரு சம்பவம் அகப்பட்டால் நல்லது, அதைக் கையில் எடுத்து, இதுதானே, தப்புத்தான் என்று சொல்லிவிடலாம். அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் சில்லறை. கார்க் கதவைச் சாத்துகிற விதம். பேசாமல் எழுந்து போகிறது. டம்ளரை மேஜையில் வைக்கிறபோது வருகிற அந்தச் சத்தம். இதற்கெல்லாமா ஒருத்தன் அப்பனிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பான்? நெய்வேலியில் அவருடைய அப்பா மூன்றாவது ஷிப்டு முடிந்து வரும்போது வாசலில் பூட்ஸைக் கழற்றி எறிவார். ஒரு பூட்ஸ் விழும் சத்தம். இரண்டாவது விழுவதற்குள் வீட்டில் இருக்கிற நாலு பேரும் எதையாவது மறைத்திருப்பார்கள். அண்ணனின் மார்க்கை, அம்மாவின் அழுத மூக்கை, உடைந்த பேனாவை, ஒன்றும் இல்லாவிட்டால் சிரிப்பை. அறவாழிகூடச் சும்மா இருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த மனுஷன் மாதிரி நான் இல்லை என்பதுதானே இத்தனை வருஷமும் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சர்ட்டிபிகேட். செருப்பை அலமாரியில் சத்தமில்லாமல் வைக்கிறவர் அவர். அப்படிச் சத்தமில்லாமல் வைக்கும்போது உள்ளே அவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்பது இன்றைக்குத்தான் தோன்றுகிறது. சத்தமாவது வந்திருந்தால் முன்கூட்டித் தெரிந்திருக்கும் அவர்களுக்கு. சே. இவர்களுக்காக நான் ஏன் வாதாட வேண்டும்? என்னை ஏமாற்றியவர்கள் இவர்கள். ஐந்து மாதமாகத் தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஏமாற்றியவள் அவள்.

எட்டாவது மேடையில் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து நின்றார்கள், தாடி, கையில் பியர் டின், கூட ஒரு கிழட்டு நாய். வேகமாக ஆடுகிறவர்களை முன்னே விட வேண்டும், அது வழக்கம். பூபாலன் கையைக் காட்டி, போங்கள் என்றான். நன்றி சொன்னார்கள், வானிலையைப் பற்றிச் சொன்னார்கள், நாய்க்கு மூட்டுவலி என்றார்கள். அறவாழி சிரித்தார். நாயைக் குனிந்து தடவிக் கொடுத்தார். தலை நிமிர்ந்தபோது பூபாலன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். உடனே சிரிப்பு புளித்துப்போயிற்று. அதையும் குறித்துக்கொள், நாயைத் தடவினார், மார்க் போடு. அவர்களில் ஒருத்தன் எறிந்தது சவுக்கால் அடித்ததுபோல மரத்தில் பட்டு, காட்டுக்குள் எங்கேயோ போயிற்று. மற்றவன், அருமையான எறி, மரத்துக்குத்தான் மூளை இல்லை என்றான். இந்த ஊரில் எதற்கும் பாராட்டுத்தான். கெட்டதைக் கெட்டது என்று சொன்னால் கோபக்காரன். அவர்கள் நாயோடு இறங்கி மறைகிறவரைக்கும் இருவரும் காத்து நின்றார்கள். காற்றில் இலைகள் உதிர்ந்தன. ஒன்று பூபாலனின் ஆரஞ்சுத் தொப்பியில் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிட வேண்டும்போலக் கை வந்தது. இந்தப் பயலை இருபது வருஷத்துக்கு முன்னால் ஏர்போர்ட்டில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இவன்தான் இப்போது... கார். அந்தச் சொல்லில் அவர் இடறினார். காலையில் பலகைக்கு முன்னால், முதலில், பூபாலன் கார் என்று ஏதோ சொன்னான். ஆஸ்பத்திரி என்ற சொல் வந்து அதை மூடிவிட்டது.

கார். செழியன் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ஓரமாக நிறுத்திவிட்டுப் பூபாலனுக்குப் போன் பண்ணினான். ஓட்டப் பயமா இருக்கு மாமா, வந்து கூட்டிட்டுப் போங்க. அதுதான் அவன் சொன்னது. ஓட்ட என்ன பயம்? பதினாறு வயசிலிருந்து ஓட்டுகிறவன். மழையா? கண்ணா? ஒன்பதாவது, பத்தாவது கூடைகளை அவர் எப்படி முடித்தார் என்று கேட்டால் தெரியாது. தட்டு கையிலிருந்து போயிற்று, எங்கேயோ விழுந்தது, போய் எடுத்தார், மறுபடி எறிந்தார். ஓட்டப் பயம். கேட்கலாம். கேட்டால் குரல் எப்படி வரும் என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்தால் அந்தக் கார் அப்படியே ஓரத்தில், விளக்கு மினுக்கி மினுக்கி, நின்றுகொண்டே இருக்கிறது. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? வியாழனா வெள்ளியா? டிவியா? கூப்பிட என் நம்பர் இல்லையா அவனிடம்? மாமன் நம்பரைத் தேடி எடுத்து அழுத்துகிற விரலுக்கு அதற்கு முந்தி அப்பா என்கிற பெயரைத் தாண்டித்தானே போக வேண்டியிருந்திருக்கும். அகர வரிசையில் அப்பாதானே முதலில் வருவார். அந்த விரல் அவரைத் தாண்டிப் போவதை அவர் பார்த்தார். பன்னிரண்டாவது கூடையில், சங்கிலியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டே, கூடையைப் பார்த்தபடி கேட்டார். "எந்த ரோடு?" "என்ன மாமா?" "கார நிறுத்துனானே. எந்த ரோடு." "ஏரி ரோடு. பாலத்துக்கு முன்னாடி." "முன்னாடின்னா?" "பாலத்துல ஏறல மாமா. ஏறினா என்ன பண்ணிக்குவோமோன்னு பயந்து, ஏறாம நிறுத்திட்டான். அதான் புத்திசாலித்தனம்னு டாக்டர் சொன்னாரு." அறவாழி சரி என்று தலையாட்டினார். முகத்தில் ஒன்றும் வரவில்லை. அது அவருக்கே தெரிந்தது. காலையிலிருந்து இப்போதுதான் முகத்தில் ஒன்றுமே இல்லை. முழு மார்க்.

பதின்மூன்றாவது குருட்டுக் கூடை. மேடையிலிருந்து கூடை தெரியாது. சந்து ஒரு மேட்டில் ஏறி, இடதுபக்கம் திரும்பி இறங்கும். மேட்டின் உச்சியில் நடைபாதை குறுக்கே போகிறது, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு யாராவது வருவார்கள். அதனால் ஒருவர் முன்னே போய் மேட்டில் நிற்க வேண்டும். ஆளில்லை என்றால் குரல் கொடுக்க வேண்டும். தட்டு எங்கே விழுகிறது என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். எறிந்த தட்டு ஆளை நோக்கிப் போனால் எறிந்தவர் 'ஃபோர்' என்று எச்சரித்துக் கத்த வேண்டும். அது ஒன்றுதான் இந்த விளையாட்டில் கட்டாயம், மற்றதெல்லாம் மரியாதை. பூபாலன் ஏறிப் போனான். மேட்டில் ஆரஞ்சுத் தொப்பி நின்றது. "வாங்க மாமா, யாருமில்ல." குரல் கொடுத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்காமல், நின்ற இடத்திலேயே தலை குனிந்து போனை எடுத்தான். அனுப்பப் போகிறான். அல்லது பார்க்கிறான். பாலத்துக்கு முன்னாடி. ஏறல மாமா. அறவாழி நாலு எட்டு ஓடி, இடுப்பைத் திருப்பி, இருக்கிற பலத்தையெல்லாம் தோளிலிருந்து விரலுக்கு இறக்கி விட்டார். வாழ்நாளில் அப்படி எறிந்ததில்லை. தட்டு விர்ரென்று போயிற்று. வழியில் ஒரு கிளையின் நுனியைத் தொட்டது. தொட்டதில் கொஞ்சம் வலப்பக்கம் விலகியது. விலகி நேராக அந்தத் தொப்பியை நோக்கிப் போயிற்று. வாயைத் திறந்தார். நேரம் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல நிறைய நேரம் இருந்தது. சத்தம் வரவில்லை. காலையிலிருந்து அடக்கி அடக்கி அங்கேயே கெட்டித்துப்போயிருந்தது குரல். அல்லது அதற்கும் கீழே, படட்டும் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. எது என்று அவர் பார்ப்பதற்குள் "அம்மா" என்ற சத்தம் கேட்டது.

ஓடினார். காலடியில் முள்ளுருண்டைக் காய்கள் உருண்டன, ஒருமுறை விழப் பார்த்தார். பூபாலன் குந்தி உட்கார்ந்து முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு வந்தது கையோடு போயிருந்தது. ஏதோ நிழல்போலத் தெரிந்து கையைத் தூக்கியிருக்கிறான். "காட்டு." "ஒண்ணுமில்ல மாமா." "காட்டுன்றேன்ல." நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து, தோல் சிராய்ந்திருந்தது. "விரல ஆட்டு." ஆட்டினான். அறவாழி கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துச் சுற்றிக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. பக்கத்தில் நின்று இவனைத் தொட்டு எத்தனை காலமாயிற்று. "ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல" என்றான் பூபாலன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "குடுக்கல." "ஏன்?" "நீதான காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தே, இந்தாளு சத்தம் போடறானான்னு." பூபாலன் சிரித்துவிட்டான். கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தவன், அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். "கிளையில பட்டுத் திரும்பிச்சு" என்றார் அறவாழி. பிறகு, "கத்த நேரம் இருந்துச்சு, ஏன் கத்தலன்னு எனக்கே தெரியல" என்றார். பூபாலன் அவரைப் பார்த்தான். முகத்தைப் படிக்கிற பார்வை இல்லை அது. அடி வாங்கியவன் அடித்தவனைப் பார்க்கிற பார்வை, நேராக, கொஞ்சம் பயத்தோடு, கொஞ்சம் உரிமையோடும். "என் மேல அவ்வளவு கோவமா மாமா?" "ஆமா." "நான் என்ன பண்ணுவேன், அவன் கெஞ்சினான். அப்பாகிட்ட சொல்லிட்டா நான் எங்க போறதுன்னு கேட்டான்." நடைபாதையில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் போனாள். இருவரையும் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் போனாள். எங்க போறது. எங்கே போவது என்று கேட்டிருக்கிறான், பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"அவனுக்கு நான் இன்னும் அனுப்பல" என்றான் பூபாலன். "தெரியும்." "என்ன போடட்டும்?" அறவாழி பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தார். நல்லா இருக்கார், வா என்று போடச் சொல்லலாம். வருவான். வந்து, எதிரில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு கண்ணால் இந்த இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். பூங்கோதை பார்ப்பாள். அவரும் நாள் முழுக்க முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கேயாவது நழுவும், டம்ளரில் நழுவும். அடுத்த முறை அவன் மாமனையும் கூப்பிட மாட்டான். "கோவமா இருக்கார்னு போடு" என்றார். "மாமா." "பொய்யா? கோவமாத்தான் இருக்கேன். கோவமா இருக்கார், சாப்பிட வரச் சொல்றார்னு போடு." "அப்படிப் போட்டா..." "ரெண்டையும் ஒண்ணாப் போடு. தனித்தனியாப் போடாத. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அவன் கிளம்பி எங்கயாவது போயிடப் போறான்." பூபாலன் இடது கையால் மெதுவாக எழுத்துக் கூட்டினான். அனுப்பிவிட்டு மரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் மூன்று புள்ளிகள் வந்து, நின்று, காணாமல் போயின. மறுபடி வந்தன. கீழே, தெரியாத கூடையின் பக்கம், யாரோ சங்கிலியில் எறிந்த சத்தமும் நாய் குரைத்ததும் எங்கோ தூரத்தில் மாதிரி இருந்தன. வராவிட்டால்? பாலத்துக்கு முன்னால் நின்றவன். வராவிட்டால் நான் போவேன், இவன் வீட்டுக்கு, கதவுக்கு வெளியே நிற்பேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், இதே மூஞ்சியோடு.

"யார் மேலன்னு கேக்குறான்" என்றான் பூபாலன்.

அவர் யோசித்தார். உன் அம்மா மேல். உன் மாமன் மேல், அவனுக்குப் பாதி கொடுத்தாயிற்று. உன் மேல், என் பெயரைத் தாண்டிப் போன உன் விரல் மேல். பூட்ஸைக் கழற்றி எறிந்தவர் மேல். தொப்பி போட்டுக்கச் சொல்லு என்றவன் மேல். வரிசை நீளமாக இருந்தது, எழுதி அனுப்புகிற வரிசை இல்லை அது.

"வந்து கேக்கச் சொல்லு" என்றார்.

பூபாலன் அதை அப்படியே அடித்தான். இந்த முறை புள்ளிகள் அதிக நேரம் ஆடவில்லை. "வரேன்னு போட்டிருக்கான்" என்றான். அறவாழி எழுந்தார். மீதிக் கூடைகளை விட்டுவிட்டார்கள். மச்சானின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கார் நிற்கிற பக்கமாக மேட்டிலிருந்து இறங்கினார். கோபம் இம்மியும் குறைந்திருக்கவில்லை. அதை எங்கே வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு போடுவது என்பதுதான் தெரியவில்லை.